குப்பியும் முதுகும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வள்ளூரில் சுமை தூக்கும் தொழிலாளர்களின் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். பேச வேண்டியவர் வந்து சேர நேரமாகிவிட்டது. பொழுது சாய்ந்தும் புழுக்கம் சாயவில்லை. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தோழர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஐந்தாறு பேருடைய முதுகைப் பார்த்ததும் நமக்குத் திக்கென்றது. தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை இரண்டு வரிசையாகக் கருஞ்சிவப்பு வட்டங்கள்! எலுமிச்சம்பழத்தை அறுத்து மையில் தோய்த்து முத்திரை குத்தியது போல, ஒரே அளவு, ஒரே இடைவெளி.

தடியடி பட்ட முதுகுகளை நாம் பார்த்திருக்கிறோம். கொதிகலன் அருகே வெந்துபோன முதுகுகளையும் பார்த்திருக்கிறோம். இது அந்த இரண்டும் அல்ல.

"என்ன தோழர் இது?" என்று கேட்டோம்.

"குப்பி வச்சாங்க தோழர். சைனா வைத்தியமாம். காண்டிராக்டர் ஆபீசிலேயே முகாம் போட்டாங்க. துட்டு கிடையாது" என்றார் ஒருவர்.

துட்டு கிடையாது! வாங்கிய முன்பணத்துக்கு வட்டி பிடிப்பவர், கையுறை கேட்டால் அடுத்த மாதம் என்பவர், தலைக்குத் துணிச் சும்மாடு கூடச் சொந்தச் செலவில் கொண்டுவரச் சொல்பவர், வைத்தியத்தை மட்டும் இலவசமாகத் தருகிறார் என்றால், அதை இரண்டு தரம் புரட்டிப் பார்க்க வேண்டியது நமது கடமை. அதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குப்பி வைத்தியத்தைக் கேலி செய்வது நமது நோக்கமல்ல. படித்த இளைஞர் சிலர் இதைக் கேட்டதும் 'மூட நம்பிக்கை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். வலியால் இரவு முழுவதும் புரண்டவனைப் பார்த்து இப்படிச் சொல்வது சுலபம். மறுபக்கத்தில், மூவாயிரம் ஆண்டுச் சீன ஞானம், உடலின் விஷமெல்லாம் இறங்கிவிடும், ஊசி மருந்தே வேண்டாம் என்று துண்டுப் பிரசுரம் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். (சீனா என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் கனவான்கள், வைத்தியம் என்று வரும்போது மட்டும் சீனாவைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது ஒரு வேடிக்கை!) இரண்டு சாராரும் உண்மையைப் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள்.

வட்டம் எப்படி விழுகிறது?

இதில் மந்திரம் ஏதுமில்லை. கண்ணாடிக் குப்பிக்குள் சற்று நேரம் நெருப்பைக் காட்டி, உடனே தோலின் மேல் கவிழ்க்கிறார்கள். சூடேறிய காற்று குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக் காற்றின் அழுத்தம் அதிகம். எனவே தோலும் அதை ஒட்டிய சதையும் குப்பிக்குள் உப்பி எழுகின்றன. இப்போது வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக் குப்பி. நெருப்புக்குப் பதிலாகக் கைப்பம்பால் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். தத்துவம் ஒன்றுதான். தோலுக்கு அடியில் உள்ள மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் இழுபட்டு உடைகின்றன. கசிந்த இரத்தம் அங்கேயே தேங்கிக் கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. சுவரில் இடித்துக்கொண்டால் கன்றிப்போகிறதே, அதே கன்றல்தான். சில நாட்களில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில், பச்சையாகி மஞ்சளாகி மறைந்துவிடும்.

ஆகவே 'வட்டம் கறுத்திருந்தால் அவ்வளவு விஷம் இறங்கியது' என்று முகாமில் சொன்னார்களாமே, அது கட்டுக்கதை. வட்டம் கறுப்பது, எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் உறிஞ்சினார்கள் என்பதைத்தான் காட்டும். விஷத்தைப் பிரித்து வெளியேற்ற உடலில் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. முதுகுத் தோலுக்கு அந்த வேலை கிடையாது.

சுகம் கிடைக்கிறதா என்றால், பலருக்குக் கிடைக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கழுத்துவலி, முதுகுவலிக்காரர்களிடம் பல நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச காலத்துக்கு வலி தணிவதாகச் சிலவற்றில் தெரிகிறது. ஆனால் இந்தச் சோதனைகளில் பலவீனம் அதிகம். மாத்திரை என்றால் ஒருவருக்கு உண்மை மாத்திரையும் இன்னொருவருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்து ஒப்பிடலாம். குப்பியில் அது எப்படி முடியும்? முதுகில் உறிஞ்சுகிறதா இல்லையா என்பது படுத்திருப்பவனுக்கே தெரிந்துவிடுகிறதே! சதை இளகுவதாலா, ஒரு மனிதர் அரைமணி நேரம் அக்கறையோடு முதுகைத் தொட்டதாலா, அந்த அரைமணி நேரம் மூட்டை தூக்காமல் குப்புறப் படுத்திருந்ததாலா, எதனால் சுகம் என்று பிரித்துச் சொல்வது கடினம். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் இதே வட்டங்களை உலகமே பார்த்தது. அன்றிலிருந்து வியாபாரம் சூடு பிடித்தது. அவருக்கோ பயிற்சியாளர், மருத்துவர், நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் இருந்தன. குப்பி அவற்றோடு ஒன்று. நமது தோழருக்குக் குப்பி மட்டும்தான்.

இது யாருடைய வைத்தியம்?

'சைனா வைத்தியம்' என்று சொன்னாலும், இது சீனர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. சுசுருத சம்ஹிதையில் கெட்ட இரத்தம் எடுக்க மாட்டுக் கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை என்ற மூன்றும் சொல்லப்பட்டிருக்கின்றன. நமது சித்த வைத்தியத்தின் முப்பத்திரண்டு புற மருந்துகளில் உறிஞ்சலும் அட்டை விடலும் குருதி வாங்கலும் இடம் பெற்றுள்ளன. யுனானியில் இதற்கு ஹிஜாமா என்று பெயர். கீறாமல் வைப்பது ஒரு வகை, கீறி இரத்தம் எடுப்பது இன்னொரு வகை. சோவியத் வீடுகளில் மார்ச்சளி கண்ட பிள்ளைகளின் முதுகில் பாட்டிமார்கள் கண்ணாடிக் குப்பிகளைக் கவிழ்த்து வைத்தார்கள். வள்ளூர்ப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளர்களைக் கேட்டுப் பாருங்கள். "சிங்கி வைப்பதுதானே, எங்கள் ஊரில் கொம்பால் வைப்பார்களே" என்பார்கள்.

இதில் ஒரு விஷயம் நம் கவனத்துக்குரியது. கத்தியும் கொம்பும் பிடித்து, கட்டி உடைத்து, புண் கழுவி, பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் குலத்து ஆண்களும் மருத்துவச்சிகளுமே. இரத்தத்தையும் சீழையும் தொட்டவர்களைத் தீண்டக் கூசியது சாதி சமூகம். ஆனால் நோய் வந்தபோது அவர்களுடைய கையைத்தான் நம்பிற்று. ஏழை எளியவர்களுக்கு வேறு டாக்டர் இல்லாத காலத்தில் அந்தக் கைகள் செய்த சேவையை இகழ நமக்கு மனம் வராது. இன்று அதே கொம்பு பிளாஸ்டிக் சட்டை போட்டு, குளிரூட்டிய அறைக்குள் புகுந்து, கட்டணம் வாங்குகிறது. கொம்பு பிடித்த குலத்துக்கு அதில் ஒரு காசும் போவதில்லை.

இந்தப் பகுதியிலேயே ஒழுங்காக இதைப் பார்ப்பதற்கும் இடமுண்டு. மத்திய யுனானி மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையம் இராயபுரத்தில், மேற்கு மாதா கோயில் தெருவில் இருக்கிறது. அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் படித்துப் பட்டம் பெற்று, பதிவு செய்துகொண்ட மருத்துவர்கள் உண்டு. வள்ளூர் முகாமில் குப்பி வைத்தவர் யார், எங்கே படித்தவர் என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. "வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாரு" என்றார்கள். பெயர்ப் பதிவேடு கிடையாது. சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டது கிடையாது. ஒருவருக்குக் கீறி இரத்தம் எடுத்த இடம் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய். வெட்கப்பட்டுக்கொண்டு சட்டையைக் கழற்றாமல் மூலையில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

சீனத்தில் நடந்தது என்ன?

சீனாவின் பெயரைச் சொல்லித்தானே குப்பி வைக்கிறார்கள்? அந்தச் சீனத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிடுவோம்.

வைத்தியம் பழையதுதான், சந்தேகமில்லை. 1973-இல் ஹூனான் மாகாணத்து மாவாங்டுய் என்ற இடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். பட்டுத் துணியில் எழுதிய வைத்தியச் சுவடிகள் அதில் கிடைத்தன. கொம்பு வைக்கும் முறை அவற்றில் இருந்தது. பின்னர் கி.பி. நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் என்பவர், டாக்டர் கிடைக்காத இடத்தில் அவசரத்துக்கு உதவும் கைப்புத்தகம் ஒன்றை எழுதினார். அதிலும் கொம்பு வருகிறது. ஆனால் வாசகர்கள் கவனிக்க வேண்டும்: எந்தெந்தக் கட்டிகளின் மேல் கொம்பு வைக்கக் கூடாது, வைத்தால் கேடு வரும் என்ற எச்சரிக்கையோடு வருகிறது! ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முந்திய அந்தப் பெரியவருக்கு இருந்த ஜாக்கிரதை, வள்ளூரில் வெள்ளைக் கோட்டு போட்டவருக்கு இல்லை.

1929-இல் கோமிண்டாங் ஆட்சி நாட்டு வைத்தியத்தை ஒழித்துக்கட்டத் தீர்மானம் போட்டது. வைத்தியர்கள் ஷாங்காயில் திரண்டு எதிர்த்தார்கள். அது அமலுக்கு வரவில்லை. 1949-இல் புதிய ஆட்சி ஏற்பட்டபோது ஐம்பது கோடிக்கு மேற்பட்ட மக்கள். நவீன டாக்டர்களோ மிகச் சொற்பம், அவர்களும் பட்டணங்களில். கிராமத்தில் இருந்தவர் நாட்டு வைத்தியர் ஒருவரே. அவரை விரட்டிவிட்டால் நோயாளிக்கு ஒருவரும் மிச்சமில்லை. 1950-இல் கூடிய முதல் தேசிய சுகாதார மாநாடு, தொழிலாளி விவசாயி போர்வீரனுக்குத் தொண்டு, நோய் வருமுன் தடுத்தல், நாட்டு வைத்தியரையும் நவீன டாக்டரையும் ஒன்றுசேர்த்தல் என்று வழி வகுத்தது. 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டூ நகரங்களில் நாட்டு வைத்தியக் கல்லூரிகள் திறந்தார்கள். சீன வைத்தியம் ஒரு பெரிய புதையல் என்று 1958-இல் மாவோ குறிப்பிட்டது பிரசித்தம். அதைத் தோண்டி எடுத்து மேல்நிலைக்கு உயர்த்த வேண்டும் என்றும் அவர் சேர்த்தே சொன்னார். துண்டுப் பிரசுரக்காரர்களுக்குப் புதையல் என்ற பாதி மட்டும் காதில் விழுந்தது. தோண்ட வேண்டும் என்ற பாதி விழவில்லை.

தோண்டியவர்களும் இருந்தார்கள். அந்தக் கதை நமது வாசகர்களுக்குப் பிடிக்கும். வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கக் குண்டுகளோடு மலேரியாவும் வியட்நாம் வீரர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. பழைய மருந்துகள் பலிக்கவில்லை. உதவி கேட்டார்கள். 1967 மே 23-ஆம் தேதி சீனாவில் ஒரு இரகசிய ஆராய்ச்சித் திட்டம் தொடங்கிற்று. அந்தத் தேதியை வைத்தே '523' என்று அதற்குப் பெயர். பெய்ஜிங்கில் து யூயூ என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் பழஞ்சுவடிகளைப் புரட்டி, நூற்றுக்கணக்கான மூலிகைச் சாறுகளைச் சோதித்தார்கள். ஒரு செடி முதலில் பலன் காட்டியது, மறுமுறை காட்டவில்லை. மீண்டும் சுவடிக்குப் போனார் அவர். கொம்பு வைத்தியம் எழுதிய அதே கோ ஹோங்கின் அதே கைப்புத்தகம்! அதில் அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு பிரித்தார். 1971 அக்டோபரில் 191-ஆவது மாதிரி பலித்தது. நோயாளிக்குத் தருமுன் அவரும் சகாக்களும் அதைத் தாங்களே உட்கொண்டு பார்த்தார்கள். அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015-இல் நோபல் பரிசு வந்தது.

ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர். செடி சோதனையில் தேறி உலகெங்கும் உயிர்களைக் காக்கிறது. கொம்பு இன்னும் 'சிலருக்குக் கொஞ்சம் சுகம்' என்ற இடத்திலேயே நிற்கிறது. பழமை இரண்டுக்கும் சமம்தான். ஆகவே பழையது என்பதற்காக ஒன்றை ஏற்க முடியாது, பழையது என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் முடியாது. உரசிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் தென் சீனத்தை வாட்டிய நத்தைக் காய்ச்சலைக் குப்பி வைத்தா ஒழித்தார்கள்? நோய்ப் புழுவைச் சுமக்கும் நத்தை வாய்க்கால் கரையில் வாழ்கிறது என்று கண்டு, ஆயிரக்கணக்கான விவசாயிகள் மண்வெட்டியோடு இறங்கி, பழைய வாய்க்கால்களைத் தூர்த்துப் புதியன வெட்டி, நத்தையை மண்ணுக்குள் புதைத்தார்கள். 1958-இல் ஜியாங்சி மாகாணத்து யூஜியாங் வட்டத்தில் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். வலி எங்கே பிறக்கிறதோ அங்கே கை வைத்தார்கள் என்பதே இதில் உள்ள விஷயம். பிற்காலத்தில், 1980-களில், கிராமக் கூட்டு வைத்திய ஏற்பாடு அங்கே சிதைந்து, காசுள்ளவனுக்கே டாக்டர் என்றாகி மக்கள் அவதிப்பட்டதும் உண்மை. அதையும் மறைப்பதற்கில்லை.

இந்தியாவுக்கும் இந்த வைத்தியத்துக்கும் நல்ல மனிதர் ஒருவர் வழியாகவும் தொடர்பு உண்டு. 1938-இல் ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து நின்ற சீனத்துக்கு இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அவர்களில் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே உயிர் நீத்தார்; அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். இன்னொருவர் பிஜய் குமார் பாசு. 1950-களின் கடைசியில் மறுபடியும் சீனா சென்று, ஊசி குத்தும் அக்குபங்சர் முறையைக் கற்று, கல்கத்தாவில் ஏழைகளுக்குச் செய்தார். அவர் நவீன மருத்துவம் படித்த டாக்டர். எந்த நோய்க்கு ஊசி, எந்த நோய்க்கு ஆஸ்பத்திரி என்று பிரித்தறியத் தெரிந்தவர். அவரைப் போன்றவர்கள் போட்ட பாதையில் இன்று சில நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்கள் குப்பிப் பெட்டியோடு ஓடுகிறார்கள்.

மூட்டையின் கணக்கு

இனி வள்ளூருக்கே திரும்புவோம். எண்ணூர் துறைமுகத்துக்கும் மீஞ்சூருக்கும் நடுவே உள்ள ஊர் இது. மத்திய அரசின் என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின் வாரியமும் கூட்டாக எழுப்பிய 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம் இங்கே நிற்கிறது. நிலக்கரி நகருவது கன்வேயரில். சாம்பல் நகருவது குழாயில். இயந்திரம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பார்த்து வியக்கலாம்! அதே சாலையில் சற்றுத் தள்ளி உள்ள கிடங்குகளில் மூட்டை மட்டும் இன்னும் மனிதன் முதுகில் நகருகிறது. ஏன்? கன்வேயர் போட முதலீடு வேண்டும். முதுகுக்கு முதலீடு வேண்டாம். அது தன் செலவில் சாப்பிட்டுவிட்டுத் தானே நடந்து வருகிறது.

நமது தோழர் கணக்குச் சொன்னார். மூட்டை ஒன்று 50 கிலோ. நல்ல வரத்துள்ள நாளில் ஆளுக்கு 200 மூட்டை. பத்து டன்! லாரியிலிருந்து பலகை மேல் நடந்து, கிடங்கில் அடுக்கு ஏற ஏறத் தாமும் ஏறி, குனிந்து நிமிர்ந்து இறக்க வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த மூட்டை 50 கிலோவில் நிற்பதில்லை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-இல் 127-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. உடல்நலத்துக்குக் கேடு வரும் அளவு பாரத்தை ஒருவரும் சுமக்கக் கூடாது என்கிறது அது. அதனோடு வந்த பரிந்துரை, வயது வந்த ஆணுக்கு 55 கிலோவை எல்லையாக வைத்தது. இந்திய அரசு இந்த உடன்படிக்கையில் 2010-இல் சேர்ந்தது. நாற்பத்து மூன்று ஆண்டு யோசித்திருக்கிறார்கள்! சேர்ந்த பிறகும் வள்ளூர்க் கிடங்கில் எடை மெஷினோடு வந்து நின்ற இன்ஸ்பெக்டரைத் தோழர்கள் கண்டதில்லை.

குனிந்து பாரம் தூக்கும்போது முதுகெலும்பின் அடிக் கணுக்களுக்கு நடுவில் உள்ள வட்டுக்கள் நசுங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் நசுங்கி, ஒரு நாள் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகின்றன. குப்பியின் உறிஞ்சல் தோலையும் மேல் சதையையும் தாண்டி அங்கே எட்டாது. "வலி போச்சா தோழர்?" என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

"ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சி. மூணா நாள் மூட்டை ஏத்தினேன், பழையபடி வந்துட்ச்சி."

இந்த ஒரு வாக்கியத்தில் உள்ள வைத்திய அறிவு, அந்தத் துண்டுப் பிரசுரம் முழுவதிலும் இல்லை.

இந்த மனிதருக்கு வேண்டியது சில வாரம் பாரம் தூக்காத வேலை. தேவைப்பட்டால் ஸ்கான். முறையான உடற்பயிற்சிச் சிகிச்சை. அதற்காகத்தானே 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது? சந்தா கட்டிய தொழிலாளி நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்க வேண்டும். 2019 ஜூலையில் முதலாளிகளின் பங்கை 4.75 சதவீதத்திலிருந்து 3.25 ஆகக் குறைத்தார்கள். அதிக முதலாளிகள் தொழிலாளரைச் சேர்க்க இது தூண்டும் என்றார்கள். வள்ளூர் கூட்டத்தில் இருந்தவர்களில் யாரிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது என்று கேட்டோம். கையைத் தூக்கியவர் இருவர். அவர்களிலும் ஒருவருக்குச் சந்தா இடையில் நின்றுவிட்டது. காண்டிராக்ட் கை மாறும்போது புதியவர் அவரைப் புது ஆளாக எழுதிக்கொண்டாராம்!

விபத்து இழப்பீடு கேட்கலாமே என்பீர்கள். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய அதே 1923-இல் வந்த இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில் நோய்களுக்கு ஓர் அட்டவணை இருந்தது. ஈய விஷம் இருந்தது, பஞ்சுத் தூசி நோய் இருந்தது, இரைச்சலால் வரும் செவிடு இருந்தது. மூட்டை தூக்கித் தேய்ந்த முதுகுக்கு அதில் இடமிருக்கவில்லை. ஏணியிலிருந்து விழுந்து முதுகு ஒடிந்தால் அது விபத்து. இருபது ஆண்டு தூக்கி ஒடிந்தால் அது வயோதிகம்!

இப்போது அந்த இலவச முகாமின் கணக்கு விளங்குகிறதா? இ.எஸ்.ஐ. சந்தா மாதா மாதம் கட்ட வேண்டும். குப்பிக்காரருக்கு எப்போதாவது ஒரு நாள் கொடுத்தால் போதும். டாக்டரிடம் போனால் அவர் ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுவார். குப்பிக்காரர் ஓய்வு எழுதுவதில்லை. டாக்டர் சீட்டில் மூட்டையின் பெயர் வந்துவிடும். குப்பியிலோ குற்றம் எல்லாம் தொழிலாளியின் 'கெட்ட இரத்தத்தின்' மேல் போய் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை குப்பி, திங்கட்கிழமை மூட்டை. இதற்காகத்தான் துட்டு கிடையாது.

குப்பி வைத்துக்கொண்ட தோழர்களை நாம் குறை சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலேறிப் போய், வரிசையில் நின்று, திரும்பி வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும்; அடுத்த நாள் வேறு ஆள் அந்த இடத்தில் நிற்பான். வாசற்படியில் வந்து நிற்கும் வைத்தியத்தை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள் மட்டும். கீறாமல் வைக்கும் குப்பியால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சோகை உள்ளவர்கள் பட்டம் பெற்ற மருத்துவரைக் கேட்காமல் படுக்கக் கூடாது. ஒருவர் முதுகைக் கீறிய பிளேடும் இரத்தம் பட்ட குப்பியும் அடுத்தவர் முதுகுக்கு வரவே கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி அப்படித்தான் பரவுகிறது. கால் மரத்துப் போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் தடை ஏற்பட்டாலோ, ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குப்பிக்கு அங்கே வேலை இல்லை.

பேச வேண்டியவர் கடைசியில் எட்டு மணிக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் தோழர்களே பேசி முடித்திருந்தார்கள். ஆறாத புண்ணோடு மூலையில் இருந்தவரை மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக இருவர் பொறுப்பேற்றார்கள். அவருடைய அன்றைய கூலியை மற்றவர்கள் போட்டுக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. அட்டை கேட்டு மனு எழுதினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத வடநாட்டுத் தோழர்கள் கட்டைவிரல் பதித்தார்கள்.

அடுத்த குப்பி முகாமுக்குக் கிடங்கு வாசலில் இப்போதே நோட்டீசு ஒட்டியிருக்கிறது. அன்றைக்கு ஓர் எடை மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். பந்தலுக்குப் பக்கத்திலேயே வைத்து, மழையில் நனைந்த மூட்டை ஒன்றைத் தூக்கி அதன் மேல் போட்டு, முள் எங்கே நிற்கிறது என்று வெள்ளைக் கோட்டுக்காரரையே உரக்கப் படிக்கச் சொல்லப் போகிறார்களாம்.